தரையில் கிடந்த தாடை

கதவு சாத்திக்கொண்டபோது மணி மூன்று நாற்பது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நம் நேரம் சரியில்லை என்று. சாதாரணக் கதவு 'டக்' என்று சாத்தும். இது 'தொம்' என்றது.

"சாவி?" என்றார் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இங்கே எலும்புப் பெட்டிகளுக்குப் பொறுப்பான பெட்டியக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "வெளிப்பக்கப் பூட்டுலயே விட்டுட்டேன் மேடம். இது தானா பூட்டிக்கிற கதவு. உள்ளேருந்து திறக்கவும் சாவி வேணும்."

"வேற சாவி?"

"காவலாளிகிட்ட ஒண்ணு இருக்கு. ஆறு மணிக்குச் சுத்தி வரும்போதுதான் கீழ இறங்குவாரு."

அருமை. வந்த காரியம் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும். சாவி ஆறு மணிக்கு வரும். என் ஜாதகத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணிதான். அண்ணனுக்கு வாய்த்த மனைவி, எனக்கு வாய்த்த முதலாளி. பன்னிரண்டு வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்துகொண்டு, எரியாத கடைக்குத் தீ விபத்து என்று சொன்னவர்களையும் சாகாத மாமனாருக்கு மாலை போட்டவர்களையும் பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கார் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், நடுநடுவே பேசுகிறேன். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று அண்ணி பல தடவை சொல்லியாகிவிட்டது.

நாங்கள் மாட்டிக்கொண்டது ஓர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், எலும்புகளை வைத்திருக்கும் காப்பறையில். எலும்பு கெட்டுவிடக் கூடாது என்று இரவும் பகலும் குளிர வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் கூரை வரை இரும்பு அலமாரி. ஜன்னல் கிடையாது. கதவில் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வட்டம், அதற்கு வெளியே ஆளில்லாத படிக்கட்டு. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அடைத்த அறை ஆகாது. லிஃப்டில்கூட நான் ஏறுவதில்லை.

கதவைத் தட்டினேன். குத்தினேன். தோளால் இடித்தேன். "யாராவது இருக்கீங்களா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளுக்குத்தான் ஆனது.

"போதும் கொழுந்தனாரே," என்றார் அண்ணி. "மாட்டிக்கிட்டோம். தேட வந்த இடத்துலதானே மாட்டிக்கிட்டோம்? தேடுவோம்."

தேடுவது ஒரு தாடையை.

அறை நடுவில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒரு மண்டையோட்டுக்காரி. அவளுக்கு இங்கே 'மூத்தவள்' என்று பெயர். வயது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆற்றங்கரையில் குழி தோண்டியபோது கிடைத்தவள். முகம் நம்மைப்போலச் சின்னது, தட்டையானது. பின்மண்டை மட்டும் பழைய ஆட்களைப்போல நீளம். அவளோடு ஒரு கீழ்த்தாடையும் கிடைத்தது. அதில்தான் இந்த ஊருக்கே அதிர்ஷ்டம் அடித்தது. அந்தத் தாடையில் மோவாய் இருந்தது.

"மோவாயில என்ன அவ்ளோ விசேஷம்?" என்று காலையிலேயே கேட்டிருந்தேன். இயக்குநர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். குரங்குக்கு மோவாய் இல்லையாம். நமக்கு முன்னால் இருந்த பழைய மனித இனம் எதற்கும் இல்லையாம். நம் இனத்துக்கு மட்டும்தான் அந்த முன் துருத்தல். அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முகம் முதலில் நம்முடையதுபோல ஆனது, மண்டை உருண்டையானது பிறகு. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவந்த காலத்தில் இவள் மட்டும் முழு மோவாயோடு இருந்தாள் என்றால் மனிதக் கதையின் முதல் அத்தியாயத்தையே திருத்தி எழுத வேண்டும். வாசலில் பித்தளைப் பலகை வைத்துவிட்டார்கள்: 'மோவாய் வைத்த முதல் மனுஷி'. பார்க்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நேற்று மாலை அந்தத் தாடை காணாமல் போனது.

கடைசியாக அதை வாங்கிப்போனவர் வார்ப்புக்காரர். அசல் எலும்பை அச்செடுத்துப் பிசினில் நகல் வார்ப்பது அவர் வேலை. ஐந்து மணிக்கே திருப்பி வைத்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்று காலை பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது. இன்று பார்த்து இரண்டு ஆய்வுக்கூடக்காரர்கள் சின்னத் துளைக் கருவியோடு வந்திருக்கிறார்கள், தாடைப் பல்லில் ஒரு சிட்டிகை எடுத்து அதன் வயதைக் கணிக்க. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் அவர்களுக்கு விமானம். இந்தத் தடவை தவறினால் அடுத்த முறை மூன்று வருஷம் கழித்து. மேலே இயக்குநர் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி வரை அண்ணிக்கு அவகாசம். அதற்குள் தாடை வராவிட்டால் வார்ப்புக்காரரை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

வார்ப்புக்காரர் பெட்டியக்காவின் உடன்பிறந்த தம்பி. இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. காலையில் எங்கள் முன்னால் தன் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, "பன்னிரண்டும் நான் வார்த்ததுதான்" என்று சொன்னவர், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கொழுக்கட்டையை வாயில் வைத்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல எல்லார் பையையும் திறந்து பார்க்கிறாங்க," என்றார் அண்ணி. "அதனால தாடை கட்டடத்துக்குள்ளதான் இருக்கு. இருக்குன்னா, யாரும் தேடாத இடத்துல இருக்கு. அது எந்த இடம்?"

"நான் தேடின இடமா இருக்கும்," என்றேன். பற்கள் தந்தியடித்தன. குளிர் முட்டிக்கு வந்துவிட்டிருந்தது. பெட்டியக்கா பாட்டுக்கு ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சுவர்க் கடிகாரம் நான்கு ஐந்து காட்டியது.

"அந்த நகலெல்லாம் எங்க இருக்கு?" என்றார் அண்ணி.

"காலையிலேயே பார்த்தீங்களே மேடம். மூணாவது இழுப்பறை."

"எண்ணினதைப் பார்த்தேன். தாடையைப் பார்க்கல."

இழுப்பறையை இழுத்தேன். பன்னிரண்டு தாடைகள், வரிசையாக, எல்லாம் ஒரே காப்பிப் பொடி நிறம். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. நகலுக்குக் கையுறை வேண்டாம் என்பது இங்கே வழக்கம். வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

ஒன்பதாவதை எடுத்தவன் சட்டென்று கீழே வைத்தேன்.

"என்ன?" என்றார் அண்ணி.

"ஏற்கனவே விறைச்சுப் போயிருக்கேன். இது மட்டும் ஐஸ் கட்டியாட்டம் சுடுது அண்ணி."

"மத்ததெல்லாம்?"

மறுபடி தொட்டேன். மற்றவை சும்மா இருந்தன. ஒன்பதாவது கையிலிருந்த சூட்டை உறிஞ்சியது. கையில் கனத்தது.

அண்ணியின் முகத்தில் எனக்குத் தெரிந்த அந்தக் குறுஞ்சிரிப்பு வந்தது. "வீட்டுல ஃப்ரிட்ஜுக்குள்ள பிளாஸ்டிக் கரண்டியும் எவர்சில்வர் கரண்டியும் பக்கத்துல பக்கத்துல கிடந்தா எது கைக்கு ஜில்லுன்னு இருக்கும்? எவர்சில்வர். பிசின் கையைக் குளிர வைக்காது. கல்லு வைக்கும். லட்சக்கணக்கான வருஷமோ ஆயிரக்கணக்கான வருஷமோ, மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போன எலும்பு இது. மேல சாயம் பூசியிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு யார் சொன்னது? பதினோரு பூசணிக்காய்க்கு நடுவுல வச்சா நல்லாவே மறைக்கலாம்."

கைக்குட்டையை நனைத்து ஓர் ஓரத்தைத் துடைத்தார். காப்பி நிறம் கரைந்து, உள்ளே சாம்பலும் கறுப்புமாக அசல் எலும்பு எட்டிப் பார்த்தது.

எனக்குக் கூத்தாடலாம்போல இருந்தது. தாடை கிடைத்துவிட்டது. வார்ப்புக்காரர் வீட்டுக்குப் போகலாம். நாங்களும் போகலாம். கதவு மட்டும் திறந்தால் போதும். மணி நான்கு இருபது. ஓடிப்போய் மறுபடி கதவைக் குத்தினேன். யாரும் வரவில்லை.

"அதை அப்படியே வச்சிடுங்க மேடம்," என்றார் பெட்டியக்கா. "அசலைக் கையுறை இல்லாம தொடக்கூடாது."

"தொடல," என்றார் அண்ணி. தாடையைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டு மூத்தவளின் பெட்டியைத் திறந்தார். பெட்டியக்கா எழுந்துவிட்டார். எலும்போடு எலும்பு உரசக்கூடாது என்பது இந்த இடத்தின் முதல் விதி. அண்ணி உரசவில்லை. மண்டையோட்டுக்குக் கீழே, ஒரு விரல் தள்ளிப் பிடித்தார். காதுக்கு முன்னால் தாடை போய் உட்கார மண்டையில் இரண்டு குழிகள் இருந்தன. தாடையின் இரண்டு முனையும் அந்தக் குழிகளுக்கு நேராக வரவேயில்லை. ஒரு பக்கம் சரியாக வைத்தால் மறுபக்கம் அரை விரல் உள்ளே போனது. பெரிய பாத்திரத்துக்குச் சின்ன மூடி.

"மண் அமுக்கினதுல மண்டை கோணிப்போச்சு," என்றார் பெட்டியக்கா வேகமாக. "எல்லாப் புத்தகத்துலயும் எழுதியிருக்கு."

"எழுதியிருக்கலாம். மூடி சேரலேன்னா பாத்திரத்தைக் குத்தம் சொல்ற ஆளை நான் நிறையப் பார்த்திருக்கேன்." அண்ணி தாடையின் காலிப் பெட்டியை இழுத்தார். பஞ்சுக்கு அடியில் மஞ்சளேறிய ஒரு சீட்டு இருந்தது. ஒவ்வோர் எலும்பையும் குழியில் எடுத்த இடம், ஆழம், நாள் எல்லாம் குறித்து வைக்கும் சீட்டு. "இங்க வந்து படிங்க கொழுந்தனாரே. முதல்ல மூத்தவள் சீட்டு."

படித்தேன். ஆழம் இத்தனை மீட்டர், இத்தனை சென்டிமீட்டர், வடக்குச் சுவரிலிருந்து இவ்வளவு, களிமண்ணில் பதிந்திருந்தது. பிறகு தாடையின் சீட்டு. "குழியின் தரை. மேற்குச் சுவர் ஓரம். மழைக்கு மறுநாள் காலை, தரையில் கிடந்தது." அவ்வளவுதான். அளவு ஒன்றும் இல்லை.

"பதிஞ்சிருந்ததுன்னு இல்ல. கிடந்தது. ராத்திரி மழை. சுவர் ஓரம்." அண்ணி என் பக்கம் திரும்பினார். "குழி தோண்டும்போது கீழ போகப் போகப் பழசு. மேல இருக்கிறது புதுசு. ஆனா குழியோட சுவர்ல மேலேருந்து கீழ வரைக்கும் எல்லாக் காலமும் இருக்கு. மழையில சுவர் சரிஞ்சா மேல இருக்கிறது எங்க வந்து விழும்?"

"தரையில."

"மாடி வீட்டுக் கொடியில காய்ஞ்ச சட்டை கீழ் வீட்டு வாசல்ல விழுந்து கிடந்தா, அது கீழ் வீட்டுக்காரன் சட்டையாயிடுமா?"

எனக்குப் பொறி தட்டியது. தாடை மூத்தவளுடையது இல்லை. எத்தனையோ ஆயிரம் வருஷம் கழித்து வந்த வேறு யாரோ, நம்மைப்போல முழு மோவாயோடு மேலே படுத்திருந்த ஆள். பல்லில் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும், பித்தளைப் பலகை பழைய இரும்புக் கடைக்கு.

"சீட்டுல இருக்கிற கையெழுத்தும் இந்த அலமாரி முழுக்க ஒட்டியிருக்கிற கையெழுத்தும் ஒண்ணுதான்," என்றார் அண்ணி மெதுவாக. "நீங்கதானே எடுத்தீங்க பெட்டியக்கா?"

பெட்டியக்கா ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்லித்தான் எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஸ்வெட்டர் எதுக்கு? சரி, வயசாச்சு, குளிருதுன்னு விட்டேன். ஆனா இவர் கதவை இடிச்சுத் தோள்பட்டையைக் கழட்டிக்கிட்டார். நான்கூட ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன். மேல உங்க கூடப்பிறந்த தம்பியை ஜீப்புல ஏத்தப் போறாங்க. நீங்க ஒரு தடவைகூட அந்தக் கதவைத் தட்டல. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. நாற்காலியை விட்டு நீங்க எழுந்ததே இந்தத் தாடைக்காகத்தான்."

மாட்டிக்கொண்டது நாங்கள் மட்டும்தான், இந்த அம்மாள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் கோபம் மண்டைக்கு ஏறியது. "சாவியைக் கொடுங்க," என்று இரண்டு எட்டு வைத்தேன்.

"உட்காரு," என்றார் அண்ணி. அண்ணி ஒருமையில் பேசினால் அண்ணனே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தேன்.

"அப்ப இருபத்திரண்டு வயசு எனக்கு," என்றார் பெட்டியக்கா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. மூத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தினக்கூலி. காலையில முதல் ஆளா குழிக்குள்ள இறங்கினேன். சேத்துல பல்லு பளபளன்னு தெரிஞ்சுது. கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போட்டோ எடுத்தாங்க. சுவர் சரிஞ்சிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தப்போ அவங்க கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். இருபத்தாறு வருஷமா ஒருத்தரும் கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இந்தக் கட்டடம் வந்துச்சு. எனக்கு வேலை, தம்பிக்கு வேலை. நாப்பது குடும்பம் இதுல சாப்பிடுது. எந்த வாயால சொல்ல?" கண்ணைத் துடைத்தார். "தம்பியை மாட்டிவிடணும்னு நினைக்கல மேடம். சத்தியமா இல்ல. ஒரு நகலை எடுத்து ஒளிச்சிட்டு அந்த இடத்துல இதை வச்சேன். துளை போட வந்தவங்க போனதும் நானே தேடி எடுத்த மாதிரி எடுத்து, கை மாறிப்போச்சுன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். போலீஸைக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. கூட்டிட்டுப் போனாலும் ஒரு மணி நேரம். ஆறு மணிக்குத் தாடை கிடைச்சிடும், விட்டுடுவாங்க."

மணி நான்கு நாற்பத்து மூன்று.

"சாவி உங்க பையிலதான் இருக்கு. நான் பிடுங்க மாட்டேன்," என்றார் அண்ணி. "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். காலையில உங்க தம்பி இந்தப் பன்னிரண்டையும் எங்க முன்னாடி கையில எடுத்து எண்ணினார். வெறுங்கையால. இவருக்கே ஒரு தொடுதல்ல தெரிஞ்சது. இருபது வருஷமா பிசினும் எலும்புமா புழங்குற கைக்குத் தெரியாமலா போயிருக்கும்?"

பெட்டியக்கா மெல்லத் தலையைத் தூக்கினார்.

"ஒன்பதாவதை எடுத்தப்போ கொஞ்சம் நின்னார். பழுது பார்க்கிறார்னு நினைச்சேன். அப்புறம் வரிசையில வச்சிட்டு, பன்னிரண்டும் நான் வார்த்ததுதான்னு சொன்னார். இந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே அவர் வெளிய. சொல்லல. ஜீப்புக்குத் தயாரா உட்கார்ந்திருக்கார். நீங்க அவரை ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தீங்க. அவர் உங்களுக்காக எவ்வளவு நாளைக்குன்னு கணக்கே பார்க்கல."

பிறகு பெட்டியக்கா ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டார். சாவியை எடுத்து நீட்டினார். நான்தான் வாங்கித் திருப்பினேன். படிக்கட்டின் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மாடி. பெட்டியக்கா தாடையைக் கைக்குட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை.

இயக்குநர் அறையில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். ஆய்வுக்கூடக்காரர்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வார்ப்புக்காரர் மூலையில் ஸ்டூலில், காலையில் பார்த்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவையும் அவர் கையிலிருந்ததையும் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அக்கா, பேசாம இரு," என்றார். "சார், அது நான்தான்..."

"வாயை மூடுடா," என்றார் பெட்டியக்கா. தாடையை மேஜைமேல் வைத்தார். "இதை ஒளிச்சு வச்சது நான். இது மூத்தவளோடது இல்ல. மழையில மேலேருந்து விழுந்தது. நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதாம விட்டேன். பல்லுல துளை போட்டுக்கோங்க. தெரிஞ்சிடும்."

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாசல் பலகையைக் கழற்ற வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆய்வுக்கூடக்காரர்களில் மூத்தவர் பூட்டிய பெட்டியை மறுபடி திறந்தார். "மண்டையில மேல் பல்லு இருக்கில்ல? அதுலயும் ஒரு சிட்டிகை எடுக்கணும்," என்றார் சக ஊழியரிடம். "யார் யாரோட வயசு எவ்வளவுன்னு தனித்தனியாத் தெரியட்டும்." இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு ஆறு நிமிஷம்.

இனி யார்மேல் என்ன வழக்கு, வேலை போகுமா, நாற்பது குடும்பம் என்ன ஆகும் என்றெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். பெட்டியக்கா எதையும் காதில் வாங்கவில்லை. ஸ்டூல் பக்கம் போய்த் தம்பிக்கு முன்னால் நின்றார்.

"காலையிலேயே தெரிஞ்சுதாடா?"

"ம்."

"அப்ப ஏன் சொல்லல?"

வார்ப்புக்காரர் பிசின் காய்ந்து கிடந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்க்கா," என்றார்.